ஊட்டியில் ஓடினால் ஏன் மூச்சு வாங்குது?

நம்ம அருள்புரத்துல சுலபமா ஓடுறவங்களுக்குக்கூட ஊட்டியில் ஓடினால் சீக்கிரமே மூச்சு வாங்கும். அது பலவீனம் இல்லை. காற்றுதான் காரணம்.

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். ஊட்டியில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. இதயம் வேகமாத் துடிக்கும்.

சில வாரம் அங்கேயே தங்கினால் உடம்பு பழகிடும். சிறுநீரகத்தில் எரித்ரோபாய்டின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரக்கும். அதனால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் பெருகும். அவைதான் ஆக்சிஜனைச் சுமப்பவை. கீழே இறங்கி வந்த பிறகும் கொஞ்ச நாள் இந்தப் பலன் இருக்கும்.

"பொண்ணுங்களுக்குத் தம் பத்தாது"ன்னு சொல்றவங்களுக்கு லலிதா பாபர் பெயரைச் சொல்லுங்க. மகாராஷ்டிரா கிராமத்துப் பெண். ஊட்டி மலையில் பயிற்சி எடுத்தவர். 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் இறுதிச்சுற்றுக்குப் போய் 10-ஆம் இடம் பிடித்தார்.

நீங்களும் மலைக்குப் போனால் முதல் சில நாள் மெதுவா ஓடுங்க. தண்ணீர் நிறையக் குடிங்க. தலை சுத்தினா உடனே நிறுத்திடுங்க!