மும்பை வீட்டைக் காலி செய்யுமுன்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கோவைக்கோ கும்பகோணத்துக்கோ திரும்ப முடிவெடுத்ததும், முப்பது நாற்பது வருஷத்துச் சாமான்களை என்ன செய்வது என்றுதான் முதலில் திணறுகிறார்கள். ஆளுக்கொன்றாகச் சொல்லும் யோசனைகள் அந்தத் திணறலைக் கூட்டிவிடுகின்றன. அடிக்கடி காதில் விழும் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: கனமானதை விட்டுவிட வேண்டும், லேசானதை எடுத்துப் போகலாம்.

உண்மை: இது ரயிலுக்குப் பொருந்தும், லாரிக்குப் பொருந்தாது. மூன்றாம் ஏ.சி. வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோ வரை இலவசம். அங்கே எடைதான் கணக்கு. வீடு மாற்றித் தரும் பேக்கர்ஸ் ஆட்களோ, சாமான் வண்டியில் எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று பார்த்தே பெரும்பாலும் தொகை சொல்கிறார்கள். ஆகவே பித்தளை அண்டா, வெண்கல உருளி, புத்தகம் எல்லாம் தாராளமாக வரட்டும். அண்டாவுக்குள்ளேயே நாலு பாத்திரம் அடங்கிவிடும். பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலாவிடம் போட்டால் உருளிக்கு எடைக்குரிய காசுதான் கிடைக்கும். அதே உருளியைப் புதிதாக வாங்கப் போனால்தான் அதன் விலை தெரியும். வண்டியின் பாதியை விழுங்குபவை பிளைவுட் அலமாரி, ஸோஃபா, பெட்டிக் கட்டில் போன்றவை. கழற்றி ஏற்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் குலுங்கிப் போய்த் திரும்பப் பூட்டும்போது பலகையில் திருகு பிடிக்காது. அவற்றை இங்கேயே கொடுத்துவிடுங்கள்.

நம்பிக்கை: கேஸ் சிலிண்டரும் அடுப்பும் அப்படியே கூட வரும்.

உண்மை: சிலிண்டரும் ரெகுலேட்டரும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்பப் பெற்று, டெர்மினேஷன் வவுச்சர் வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊரில் இணைப்பு எடுக்க அது வேண்டும்.

அடுப்பு விஷயம் இதைவிட முக்கியம். மும்பையில் பல வீடுகளில் இருப்பது மகாநகர் கேஸின் குழாய் எரிவாயு. அதற்காக அடுப்பின் ஜெட்டை மாற்றியிருப்பார்கள். சிலிண்டர் கேஸுக்கான ஜெட்டைவிட அதன் துளை பெரியது. அந்த அடுப்பை ஊரில் அப்படியே சிலிண்டரில் மாட்டினால் தீ அளவுக்கு மீறி எழும்பும். மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஜெட்டை மாற்றாமல் பற்றவைக்கவே கூடாது. வயதான இருவர் மட்டும் இருக்கப்போகும் வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

நம்பிக்கை: ஸ்கூட்டரை ரயிலில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: பெட்ரோலைக் காலி செய்து பார்சலில் அனுப்பலாம்தான். ஆனால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும். இங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று, அங்கே சாலை வரி என்று அலைச்சல் உண்டு. பதினைந்து வருஷத்தை நெருங்கும் வண்டிக்கு இது தேவையில்லை, விற்றுவிடுங்கள்.

நம்பிக்கை: பில்லில் ‘இன்ஷூரன்ஸ்’ என்று போட்டிருந்தால் கவலை இல்லை.

உண்மை: பாலிசி எண்ணும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் இல்லாத ‘இன்ஷூரன்ஸ்’ வெறும் எழுத்து. ஏற்றும்போதே சாமான் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, பொருள் தொலைந்தாலோ சேதமானாலோ வழக்குப் போடுவதற்கு முன், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்ன புகார் நிற்காது. பென்ஷன் ஆவணம், சொசைட்டியின் பங்குச் சான்றிதழ், மருத்துவ அறிக்கைகள், ஒரு மாதத்து மாத்திரை ஆகியவற்றை லாரியில் ஏற்றவே வேண்டாம், கைப்பையில் இருக்கட்டும்.

நம்பிக்கை: பங்காரில் போடுவதும் குப்பையில் போடுவதும் ஒன்றுதான்.

உண்மை: பங்கார் பிரிக்கப்படும் தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உடைந்த பிளாஸ்டிக்கை வகை வகையாக, நிறம் நிறமாகப் பிரித்து, அரைத்து, உருக்கி மறுபடியும் மூலப்பொருளாக்கும் உழைப்பு அங்கே நடக்கிறது. பழைய டி.வி., கம்ப்யூட்டர் மட்டும் அங்கே போகக்கூடாது. அவற்றில் உள்ள ஈயம் பிரிப்பவரின் உடம்பைக் கெடுக்கும். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்திடம் கொடுங்கள்.

நம்பிக்கை: கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: கடைசி வாரத்தில் வாங்க வருபவனுக்கு உங்கள் அவசரம் தெரியும், சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் போவீர்கள். ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். கொலு பொம்மைகளில் சிலவற்றை நவராத்திரிக்கு முன்பே பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்தால், அவர்கள் வீட்டுப் படியில் அவை நிற்பதையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. லாஃப்டைத் திறந்தால் பாதி உங்கள் பள்ளிக் கோப்பைகளும் கல்லூரி நோட்டுகளும்தான். அம்மாவும் அப்பாவும் அவற்றை எறியவும் மாட்டார்கள், விட்டுப் போகவும் மாட்டார்கள். பெங்களூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ போனில் ‘எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க’ என்று சொல்லாதீர்கள். ஒரு வாரம் லீவு போட்டு வந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே பிரித்துக் கொடுங்கள்.