முதுமை வேறு, நோய் வேறு
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

“வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். வீட்டு நாய்க்கும் சொல்கிறோம், பாட்டிக்கும் சொல்கிறோம். முதுமை உடலைத் தளர்த்தும் என்பது உண்மை. ஆனால் தீர்க்கக்கூடிய நோயையும் முதுமையின் கணக்கில் எழுதிவிடுவது முறையாகுமா? நான் வளர்க்கும் ஹாம்ஸ்டரைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

ஹாம்ஸ்டர் ஒரு கொறிக்கும் விலங்கு. பொன்னிற ஹாம்ஸ்டரின் தாயகம் சிரியா நாட்டின் அலெப்போ பகுதி. 1839-இல் வாட்டர்ஹவுஸ் என்பார் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். 1930-இல் அஹரோனி என்ற விலங்கியல் அறிஞர் அங்கே ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் பிடித்தார். இன்று கூண்டுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் பெரும்பாலானவை அக்குடும்பத்தின் வழிவந்தவையே. இதன் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். ஆகவே ஒன்றரை வயது கடந்ததுமே கவனம் தேவை.

எங்கள் வீட்டில் வெள்ளாடுகள் உண்டு. பள்ளிக்கூடம் போகாத என் தாயார், அசைபோடாமல் ஒதுங்கி நிற்கும் ஆட்டைப் பார்த்த மாத்திரத்தில் அதற்கு உடம்புக்கு ஆகவில்லை என்று சொல்லிவிடுவார். ஹாம்ஸ்டரிடம் அது எளிதன்று. அது பகலில் உறங்கி இரவில் நடமாடும். பிற விலங்குகளுக்கு இரையாகும் சிற்றுயிர் ஆதலால் தன் நலிவை வெளிக்காட்டாது. உணவைக் கன்னப்பைகளில் அடக்கிச் சென்று ஒளித்துவைக்கும் வழக்கமுடையது. எனவே தட்டு காலியாக இருப்பதைக் கண்டு தின்றுவிட்டது என்று முடிவு கட்டவும் இயலாது.

இந்நிலையில் நமக்கு உதவுவது தராசு. ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசே போதும். நான் ஞாயிறுதோறும் நிறுத்துக் குறித்து வருகிறேன். 120 கிராம் உடலில் 12 கிராம் குறைவது, 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். இரண்டு வயதான என் ஹாம்ஸ்டர் மூன்று வாரங்களில் 128 கிராமிலிருந்து 115-க்கு இறங்கியது. “கிழட்டு எலிக்கு வைத்தியமா?” என்று அக்கம்பக்கத்தார் சிரித்தனர். கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தார். கீழ் வெட்டுப்பல் நீண்டு வளைந்திருந்தது. கொறிக்கும் விலங்குகளின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. சரியாகத் தேயாவிடில் தின்ன முடியாது. அவர் பல்லைச் சீராக்கினார். ஊறவைத்த உணவு தந்தேன். ஒரு மாதத்தில் எடை 124 கிராம் ஆயிற்று. அதன் குறை முதுமையன்று, பசி!

இயல்பு எது, நோய் எது என்று பிரித்தறிதல் வேண்டும். இடுப்பின் இருபுறமும் தெரியும் கருந்திட்டுகள் கட்டிகள் அல்ல, சுரப்பிகள். வயதில் ரோமம் ஓரளவு மெலிவதும் இயல்பே. ஆனால் இருபுறமும் ரோமம் கொட்டி, தண்ணீரும் மிகுதியாகக் குடித்தால் அட்ரினல் சுரப்பிக் கோளாறாக இருக்கலாம். வால்புறம் ஈரமாதல், மூச்சிரைப்பு, புதிய கட்டி ஆகியவற்றைக் கண்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இத்துணைச் சிறிய உடலில் நோய் விரைந்து முற்றும்.

இன்னொன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். வீட்டில் மிஞ்சிய மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தல் ஆகாது. பென்சிலின், ஆம்பிசிலின் போன்ற மருந்துகள் ஹாம்ஸ்டரின் குடலிலுள்ள நன்மை தரும் பாக்டீரியாக்களை அழித்து, நச்சு உண்டாக்கும் கிருமிகளைப் பெருகச் செய்து, உயிரையே போக்கிவிடும்.

குணமாகாத தளர்ச்சிக்கும் செய்யத்தக்கவை உண்டு. தண்ணீர்ப் புட்டியைத் தாழ்த்திக் கட்டலாம். கூண்டின் மேல்தட்டை எடுத்துவிடலாம். மெத்தென்ற படுக்கை இடலாம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு முதிய பிராணி இருக்கலாம். ‘வயசு’ என்று சொல்லுமுன் அதன் எடையைப் பாருங்கள், வாயைப் பாருங்கள். பாட்டி “சாப்பாடு இறங்கவில்லை” என்றால் அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.