விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது?

மகளின் பிரசவத்திற்கு லண்டன் செல்ல விரும்பி, பார்வையாளர் விசாவுக்கு விண்ணப்பித்த ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கணவரை இழந்தவர், மும்பையில் சொந்த வீட்டில் வசிப்பவர், மாத ஓய்வூதியம் 42,000 ரூபாய். மூன்று வாரக் காத்திருப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்தது மறுப்புக் கடிதம். மறுநாளே வங்கிக்கு வந்த அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பியிடம் பத்து இலட்சம் வாங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறேன், பெரிய தொகைக்கு ஒரு சான்றிதழ் கொடுங்கள்."

இத்தகைய வேண்டுகோள் வங்கிக் கிளைகளில் நமக்குப் புதிதன்று. ஏமாற்றமடைந்த தாயின் மனம் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால் அந்தப் பத்து இலட்சமே இரண்டாம் மறுப்புக்குக் காரணமாகிவிடக்கூடும்.

கடிதத்தை முழுமையாகப் படியுங்கள்

மறுப்புக் கடிதம் வந்ததும் பலர் முதல் சில வரிகளோடு நிறுத்திவிடுகின்றனர். காரணங்களோ அதன் பின்னரே வருகின்றன. நம் ஆசிரியையின் கடிதம் இரண்டு குறைகளைச் சுட்டியிருந்தது. விண்ணப்பத்திற்குப் பன்னிரண்டு நாள்களுக்கு முன் கணக்கில் வரவான ஆறு இலட்சம் ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஆவணம் இல்லை என்பது ஒன்று. செலவை ஏற்பதாகச் சொன்ன மகளின் வருமானத்திற்குச் சான்று இல்லை என்பது மற்றொன்று. பணம் போதாது என்று கடிதம் ஓரிடத்திலும் கூறவில்லை.

உண்மையில் அந்த ஆறு இலட்சம் அவருடைய சொந்தச் சேமிப்பு. சேமிப்புக் கணக்கில் இருப்பு பெரிதாகத் தெரியட்டும் என்று, நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தொகையை மாற்றியிருந்தார். வட்டியும் குறைந்தது, ஐயமும் பிறந்தது. விளக்கம் இல்லாததால், நேர்மையாகச் சேர்த்த பணம் விசாவுக்காகக் கடன் வாங்கிய பணம்போல் தோன்றிவிட்டது.

இருப்புச் சான்றிதழும் கணக்கு அறிக்கையும்

இருப்புச் சான்றிதழ், ஒரு குறிப்பிட்ட நாளில் கணக்கில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். ஆறு மாதக் கணக்கு அறிக்கையோ, அப்பணம் எவ்வாறு சேர்ந்தது, மாதந்தோறும் எவ்வளவு வருகிறது, எவ்வளவு செலவாகிறது என்பனவற்றைக் காட்டும். விசா அலுவலர் அறிய விரும்புவது இதையே. விண்ணப்பதாரரின் வருமானத்திற்கும் பயணச் செலவிற்கும் பொருத்தம் உண்டா, பயணம் முடிந்து ஊர் திரும்புவாரா என்பவையே அவர்முன் உள்ள வினாக்கள். ஆகவே தொகையின் அளவைவிட, அது வந்த வழி தெளிவாக இருப்பதே முதன்மையானது.

நிரந்தர வைப்பை முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. வைப்பு ரசீதின் நகலும் வட்டிச் சான்றும் அதைச் சேமிப்பாகக் காட்டப் போதுமானவை. ஏற்கெனவே முடித்துவிட்டால், வைப்பு முடிக்கப்பட்ட விவரத்தை வங்கியிடம் எழுத்தாகப் பெற்று, அறிக்கையில் உள்ள வரவோடு பொருத்திக் காட்ட வேண்டும்.

ஒவ்வொரு காரணத்திற்கும் ஒரு விடை

மறுவிண்ணப்பத்துடன் இணைக்கும் கடிதம் வேண்டுகோளாக மட்டும் அமையாமல், கூறப்பட்ட காரணங்களுக்கு விடையாக அமைய வேண்டும். "மார்ச் 4 அன்று வரவான ஆறு இலட்சம் ரூபாய் எனது நிரந்தர வைப்பை முடித்ததால் கிடைத்தது, அதன் விவரம் இரண்டாம் இணைப்பில் உள்ளது" என்பது போன்ற ஒரு வாக்கியம், பக்கம் பக்கமான உருக்கத்தைவிடப் பயன் தரும். மகளின் சம்பளச் சீட்டுகள், வங்கி அறிக்கை, அந்நாட்டில் அவர் வசிக்கும் உரிமைக்கான சான்று, அழைப்புக் கடிதம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். ஊர் திரும்புவதற்கான பிணைப்பைக் காட்ட ஓய்வூதிய ஆணை, வீட்டுப் பத்திரம், சொத்து வரி ரசீது முதலியன உதவும். தமிழிலோ மராத்தியிலோ உள்ள ஆவணங்களுக்குச் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை.

நாட்டுக்கு நாடு விதி வேறு

பிரிட்டனின் பார்வையாளர் விசா மறுப்பிற்குப் பொதுவாக மேல்முறையீடு இல்லை. குறையை நீக்கி மீண்டும் விண்ணப்பிப்பதே நடைமுறை வழி. அமெரிக்கா, குடியேறும் எண்ணம் இல்லை என்பது நிறுவப்படாதபோது 214(பி) பிரிவின்கீழ் மறுக்கிறது. அதற்கும் மேல்முறையீடு இல்லை; மீண்டும் விண்ணப்பிக்கலாம். ஆனால் 221(ஜி) என்று குறித்திருந்தால், கூடுதல் ஆவணமோ ஆய்வோ நிலுவையில் உள்ளது என்று பொருள். கேட்ட ஆவணத்தை அளித்தாலே அவ்விண்ணப்பம் தொடரக்கூடும். ஷெங்கன் நாடுகள் காரணங்களைக் குறியிட்ட பொதுப் படிவத்தில் மறுப்பைத் தெரிவிக்கின்றன. அங்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. அதற்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறுவதால், படிவத்தில் உள்ள தேதியை முதலில் பாருங்கள். மறுப்பினால் விசாக் கட்டணம் திரும்பக் கிடைப்பதில்லை என்பதையும் மறவாதீர்கள்.

செய்யக்கூடாதவை

முந்தைய மறுப்பை மறைக்காதீர்கள். படிவத்தில் கேட்டால், வேறு நாடு மறுத்திருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். மறுப்பு ஒரு குற்றமன்று, மறைத்தல் பெருங்கேடு. ஏமாற்று முயற்சி உறுதியானால் பிரிட்டன் பத்து ஆண்டுகள் வரையும், கனடா ஐந்து ஆண்டுகளும் கதவை அடைக்க முடியும். "போலி அறிக்கை தயாரித்துத் தருகிறேன்" என்னும் முகவரிடம் ஒருபோதும் செல்லாதீர்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திடுபவர் நீங்கள்; விளைவும் உங்களையே சேரும்.

வங்கி உங்களுக்காக முத்திரையிட்ட அறிக்கை, வைப்பு விவரம், ஓய்வூதிய வரவு விவரம் ஆகியவற்றை வழங்கும். கணக்கில் இல்லாததை உண்டென்று எழுதவோ, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று பிணை நிற்கவோ வங்கியால் இயலாது.

நம் ஆசிரியை தம்பியிடம் பணம் வாங்கவில்லை. வைப்பு முடிக்கப்பட்ட விவரம், மகளின் ஆவணங்கள், ஒரு பக்க விளக்கக் கடிதம் ஆகியவற்றுடன் மீண்டும் விண்ணப்பித்தார், விசா கிடைத்தது. ஆயினும் பிரசவ நாள் கடந்துவிட்டது. பேரக் குழந்தையை அவர் கையில் ஏந்தியபோது அதற்கு மூன்றாம் மாதம். முதல் விண்ணப்பத்திலேயே அந்த ஒரு தாள் இருந்திருந்தால், மகளின் கட்டிலருகே அவர் இருந்திருப்பார். எனவே, வெளிநாட்டுப் பயணம் திட்டமிடும் வாடிக்கையாளர்கள், பணத்தை இடம் மாற்றுவதற்கு முன்பே உங்கள் கிளைக்கு ஒருமுறை வந்து கலந்து பேசுமாறு கேட்டுக்கொள்கிறோம்.