ஒயர் இழுக்கும் முன்னே திட்டம் போடுவோம்



கடன் பட்டுவாடா நாளன்று நம் கூட்டமைப்பின் பழைய அலுவலகத்தில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். காலையிலேயே நெட் நின்றுபோனது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்த உறுப்பினர்கள் சாயங்காலம் வரை திண்ணையில் காத்திருந்தார்கள். "ஒருநாள் கூலியும் போச்சு, கடனும் வரலையே" என்று ஓர் அக்கா கேட்டபோது எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. கதவுக்கு அடியில் ஓடிய ஒயர் நசுங்கி அறுந்திருந்தது. மிச்சம் பிடிக்கிறோம் என்று நாங்களே இழுத்துப் போட்ட ஒயர்தான் அது.

புதுக் கட்டடத்துக்கு வந்தபோது அந்தத் தப்பைச் செய்யவில்லை. நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம். உங்கள் அலுவலகத்துக்கும் உதவும்.

1. முதலில் தாளில் வரையுங்கள்

கதவு, ஜன்னல், மேசை எல்லாம் எங்கே என்று படம் போடுங்கள். கண்மாய் மடையிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் போகிற மாதிரி, சுவிட்ச் என்ற பெட்டியிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி கேபிள் போக வேண்டும். அப்போது ஒன்று அறுந்தாலும் மற்றவை ஓடும். அந்தப் பெட்டியைத் தண்ணீர் படாத, காற்றோட்டமுள்ள, பூட்டி வைக்கக்கூடிய இடத்தில் வையுங்கள்.

2. எத்தனை இணைப்பு?

மேசைக்கு இரண்டு: ஒன்று கம்ப்யூட்டருக்கு, ஒன்று போனுக்கு. எங்களுக்கு 4 மேசை, ஆக 8. பிரிண்டருக்கு 1, கூட்ட அறைக்கு 1. மொத்தம் 10. பின்னால் ஆள் கூடினால் சுவரை மறுபடி உடைக்க வேண்டாம். அப்போது சுவிட்சில் 8 துளை போதாது என்பதால் 16 துளை உள்ளதை வாங்கினோம்.

3. அளந்து பாருங்கள்

சுவர் ஏறி, மேலே ஓடி, இறங்கும் வழியை டேப் வைத்து அளந்தோம். சராசரி ஓர் இணைப்புக்கு 15 மீட்டர். பத்துக்கு 150 மீட்டர். சேதாரம் 15 சேர்த்தால் 165. கேபிள் பெட்டி ஒன்றில் 305 மீட்டர் இருக்கும். கொட்டேஷனிலோ இரண்டு பெட்டி போட்டிருந்தார்கள்! கணக்கைக் காட்டியதும் ஒன்றாகக் குறைத்தார்கள். மிச்சமானது நம் சந்தா பணம். சுவிட்சிலிருந்து கம்ப்யூட்டர் வரை 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

4. கேபிளைப் பார்த்து வாங்குங்கள்

கேட் 6 கேபிள் கேளுங்கள். உள்ளே எட்டுக் கம்பி, நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். விலை குறைவு, சீக்கிரம் ஒடியும். வேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

5. கரண்டோடு சேர்க்காதீர்கள்

கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இந்தக் கேபிளைப் போடவே கூடாது. ஆபத்து, நெட்டும் தடுமாறும். பக்கத்தில் ஓடினால் ஓர் அடி தள்ளி ஓடட்டும். குறுக்கே போக வேண்டுமானால் நேர் குறுக்காகப் போகட்டும். தனி பி.வி.சி. பைப்பில் போட்டால் எலி கடிப்பதும் குறையும். கேபிளை மடக்கி ஒடிக்கவோ, இறுக்கிக் கட்டவோ விடாதீர்கள்.

6. போனுக்கு

சாதாரண போனுக்கு ஒரு ஜோடிக் கம்பி போதும். அதனால் மேசைக்கு வந்த இரண்டாவது கேபிளே போனுக்கும் ஆகும். ஆனால் போன் லைனை சுவிட்சில் செருகக் கூடாது, சுவிட்ச் கெட்டுப்போகலாம். போன் இணைப்பு வரும் பெட்டியில்தான் செருக வேண்டும்.

7. பெயர் எழுதுங்கள்

ஒவ்வொரு கேபிளின் இரண்டு முனையிலும் ஒரே எண்ணை ஒட்டுங்கள். படத்திலும் அதே எண்ணை எழுதி, நகலைத் தீர்மான நோட்டோடு வையுங்கள். எங்கள் கணக்காளர் தங்கச்சி இப்போது எந்தக் கேபிளில் கோளாறு என்று தானே கண்டுபிடிக்கிறார்.

8. சோதித்த பிறகே மீதிப் பணம்

வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் டெஸ்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எட்டு விளக்கும் வரிசையாக எரிய வேண்டும். கம்ப்யூட்டரை மட்டுமல்ல, சுவிட்சையும் நெட் பெட்டியையும் யு.பி.எஸ்.ஸில் இணையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் ஓடும், நெட் ஓடாது.

"இது ஆம்பளைங்க வேலை, உங்களுக்குப் புரியாது" என்று வேலைக்கு வந்தவர் முதல் நாள் சொன்னார். கடைசி நாளில் எங்கள் படத்தைப் பார்த்துத்தான் எண் ஒட்டினார். வங்கிக் கணக்கையே எழுதக் கற்றவர்களுக்கு இது பெரிய வித்தையா, சகோதரிகளே?

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

- நம் அலுவலகத்தில் கால் தட்டும் இடத்தில் ஒயர் ஓடுகிறதா?
- எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று காட்ட நம்மிடம் படம் இருக்கிறதா?
- கொட்டேஷனில் உள்ள அளவை நம்மில் யார் அளந்து பார்த்தோம்?