தலைவர் நாற்காலியில் யார்?

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. யாரிடம் சொல்வது? அருப்புக்கோட்டை, திருச்சுழி ஒன்றியப் பள்ளிகளில் உள்ளாட்சிப் பாடத்தை இந்தக் கேள்வியோடு தொடங்கலாம். தலைவர் பெண்ணாக இருந்தும் சில பிள்ளைகள் அவருடைய கணவரைச் சொல்லக்கூடும். அந்தப் பதிலே நம் பாடம்.

பின்னணி: 1926இல் கமலாதேவி சட்டோபாத்தியாய் சென்னை மாகாண சட்டமன்றத் தேர்தலில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. 2019 டிசம்பரில் விருதுநகர் மாவட்ட ஊரகத் தேர்தல் அந்த ஒதுக்கீட்டின்படி நடந்தது.

செயல்பாடு: வகுப்பில் மாதிரிக் கிராம சபை நடத்துங்கள். ஒரு மாணவி தலைவர். ஒரு மாணவன் அவர் கணவர். முதல் சுற்றில் எல்லாக் கேள்விக்கும் கணவரே பதில் சொல்லட்டும். நிறுத்தி, "மக்கள் வாக்களித்தது யாருக்கு?" என்று கேளுங்கள். அடுத்த சுற்றில் வரவு செலவுக் கணக்கைக் கையில் வைத்துத் தலைவரே பேசட்டும். இரண்டு சுற்றுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் எழுதட்டும்.

கவனம்: உள்ளூர்த் தலைவர் எவர் பெயரையும் எடுக்க வேண்டாம். அவருடைய மகள் அதே வகுப்பில் அமர்ந்திருக்கலாம். நாளை அந்த நாற்காலியில் அமரப்போகிறவளும் அவளாக இருக்கலாம்.