பழைய ஜீப் வண்டிகளில் எஞ்சின் கொதித்தலும் அதற்குப் பரிகாரமும்

பண்ணை வேலைக்காகப் பழைய ஜீப் வண்டியை வைத்திருக்கும் விவசாயிகள், கோடைகாலத்தில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நடுவழியில் நின்றுவிடுகிறதென்று அடிக்கடி முறையிடுகின்றனர். நின்றுவிடுவதால் உண்டாகும் நஷ்டம் அற்பமே. கொதித்த எஞ்சினை அவசரப்பட்டு ஆற்ற முயல்வதாலும், கொதிப்பது தெரிந்தும் வீடு வரையில் ஓட்டிப் போய்விடலாமென்று துணிவதாலும் விளையும் நஷ்டமே பெரிது. எஞ்சின் கெடுவதோடு, சில சமயங்களில் ஓட்டுகிறவருடைய முகமும் கைகளும் வெந்துபோகின்றன.

வில்லிஸ் கம்பெனியார் இரண்டாவது உலக யுத்தத்தில் சேனைக்காகச் செய்த ஜீப்பைச் சிறிது மாற்றி, 1945-ஆம் ஆண்டில் சி.ஜே.-2ஏ என்னும் பெயரால் விவசாயிகளுக்கும் பிறர்க்கும் விற்கத் தொடங்கினர். பிற்பாடு வந்த சி.ஜே.-3பி மாதிரியை மஹீந்திரா கம்பெனியார் இந்தியாவில் நெடுங்காலம் செய்துவந்தனர். இவற்றின் பெட்ரோல் எஞ்சினில், எரிந்த புகை வெளியேறும் வால்வுகள் சிலிண்டர் கட்டையிலேயே அமைந்துள்ளன. ஆகையால் அப்புகையின் உஷ்ணத்தில் ஒரு பாகத்தையும் கட்டையைச் சுற்றியுள்ள ஜலமே ஏற்க வேண்டியிருக்கிறது. இதைக் கொண்டு, இந்த எஞ்சின் கொதிக்கும் சுபாவமுடையது என்று சிலர் கூறுவது சரியன்று. யுத்த காலத்தில் வட ஆப்பிரிக்காவின் பாலைவனத்திலேயே இவ்வண்டிகள் வேலை செய்தன. இன்று கொதிக்கும் வண்டி, ஏதோ ஒன்று கெட்டிருப்பதால் கொதிக்கிறது. அது பெரும்பாலும் சொற்பச் செலவில் சரிப்படுத்தக்கூடியதாயிருக்கும்.

பாரமேற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு உழவுமண்ணில் கீழ் கியரில் செல்லும்போது, எஞ்சின் வேகமாய்ச் சுழல்கிறது. வண்டியோ நடையாகச் செல்கிறது. எதிர்காற்று இல்லாமையால் விசிறி ஒன்றே காற்றை இழுக்க வேண்டும். அந்நிலையில் விசிறிப் பட்டை தளர்ந்திருந்தாலும், ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே பதரும் சேறும் அடைத்திருந்தாலும் ஜலம் கொதிப்பது நிச்சயம். பட்டையின் நடுவில் விரலால் அழுத்தினால் சுமார் ஓர் அங்குலம் தாழ வேண்டும். அதற்கு மேல் தாழ்ந்தால் டைனமோவை வெளிப்புறமாய் நகர்த்தி இறுக்கலாம். அடைப்பை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். முன்னிருந்து பீய்ச்சினால் பதர் உள்ளே இறுகும். கெட்டியான கப்பிச் சாலைக்கு வந்த பின்னும் முன்சக்கர இயக்கத்தை எடுக்காமல் ஓட்டுவதும், பிரேக் பிடித்தபடியே சக்கரங்கள் ஓடுவதும் எஞ்சினுக்கு வீண்பாரம். வண்டியை நிறுத்தியதும் சக்கரத்தின் நடுக்குடத்தருகே கையைக் கொண்டுபோனால் பிரேக் பிடிப்பது தெரிந்துவிடும்.

இவை யாவும் சரியாயிருந்தும் கொதிக்குமானால், உள்ளே பார்க்க வேண்டும். கிணற்று ஜலம் உப்பாயுள்ள ஊர்களில், வெந்நீர் அண்டாவின் உட்புறத்தில் வெள்ளைக் காரை படிவதை வீட்டிலுள்ள பெண்கள் அறிவர். அதே காரை எஞ்சினுள்ளும் படிகிறது. இரும்பின் உஷ்ணம் ஜலத்துக்குச் செல்லவொட்டாமல் அது தடுக்கிறது. துருச்சேறும் அதனுடன் சேர்ந்து ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது. பலர் ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகை மாத்திரம் திறந்து ஜலத்தை மாற்றுகின்றனர். சிலிண்டர் கட்டையின் பக்கத்திலும் ஒரு திருகு உண்டு. சேறு தங்குமிடம் அதுவே.

காரையைக் கரைப்பதற்குச் சிட்ரிக் அமிலம் ஏற்றது. இது பலசரக்குக் கடைகளிலேயே கிடைக்கும். லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 50 கிராம் கலந்து ஊற்றி, எஞ்சினைச் சூடாகும்படி கால் மணி நேரம் ஓட்டி, ஆறிய பின் இரு திருகுகளையும் திறந்து வடித்துவிட வேண்டும். பின்னர்த் தெளிந்த ஜலம் வரும் வரையில் பலமுறை கழுவுதல் அவசியம். மிகப் பழைய ரேடியேட்டர்களில் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருப்பதும் இக்காரையேயாதலால், கழுவிய பின் ஒழுகத் தொடங்கினால் அமிலத்தின்மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடும்படி பட்டறைக்காரர் பலர் யோசனை கூறுகின்றனர். அது திறவாமல் இறுகியிருந்தால் வீடு சேரும் வரையில் கழற்றிவைப்பது தகும். எப்பொழுதும் அதில்லாமல் ஓட்டினால் எஞ்சின் வேண்டிய சூட்டை அடைவதற்கு நெடுநேரமாகி, பெட்ரோல் ஆயிலிற் கலந்து, சிலிண்டர்கள் விரைவில் தேயும். அடுப்பில் வைத்த பாத்திரத்து ஜலத்தில் அதைத் தொங்கவிட்டு, தன்மேல் குறித்துள்ள உஷ்ணத்தில் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் நன்றாயிருக்க வேண்டும். அழுத்த மூடியுள்ள வண்டிகளில், அழுத்தம் ஒரு பவுண்டு ஏறினால் ஜலம் கொதிக்கும் நிலை சுமார் 3 டிகிரி பாரன்ஹீட் உயரும். பொறி விழும் காலம் பிந்தியிருந்தாலும் எஞ்சின் சூடேறும். இதைப் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் விடுவதே நலம். ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் கிளம்பினாலோ, ஆயில் மோரைப்போல் வெளுத்திருந்தாலோ ஹெட் காஸ்கெட் போயிற்று என்று சந்தேகிக்க வேண்டும், அவ்வண்டியை ஓட்டலாகாது.

வழியில் கொதித்துவிட்டால் செய்ய வேண்டியது யாதெனில், முள் ஏறத் தொடங்கியவுடனே, ஆவி கிளம்புவதற்கு முன்பாக, வண்டியைக் காற்றுக்கு எதிர்முகமாய் நிறுத்தி, பாரமின்றி எஞ்சினைச் சிறிது வேகமாக ஓடவிட வேண்டும். பெரும்பாலும் இரண்டொரு நிமிஷத்தில் முள் இறங்கும். ஆவி பீறிட்டால் எஞ்சினை உடனே நிறுத்திவிட்டு, அரைமணி நேரம் மூடியைத் தொடாதிருக்க வேண்டும். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் ஜலம் மூடியைத் திறந்த கணத்திலேயே கொதித்து மேலெழும்பும். ஆறிய பின்னும் சாக்கை மடித்து மூடியின்மேல் போட்டு, முதற் பிடிப்பு வரையில் திருகி, ஆவி அடங்கும்வரை காத்துப் பின்பு திறக்க வேண்டும். காய்ந்த எஞ்சினில் கிணற்றுத் தண்ணீரைக் கொட்டுவதே எல்லாவற்றிலும் கேடானது. வார்ப்பிரும்பு ஒரு பக்கம் திடீரெனச் சுருங்குவதால், வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் இடையே விரிசல் காண்கிறது. விரிந்த கட்டையைச் சரிப்படுத்துவது எளிதன்று. எஞ்சின் தொடத்தக்கதாய் ஆறிய பின் அதை ஓடவிட்டு, ஜலத்தைச் சிறிது சிறிதாய் ஊற்றலாம்.

சுமார் 10 லிட்டர் ஜலமே கொள்ளும் இந்த எஞ்சினுக்கு மழைக்காலத்தில் சுத்தமாய்ப் பிடித்துவைத்த மழைநீர் போதும். துருப்பிடிக்காதிருக்க, கடையில் விற்கும் கூலண்டை அதனுடன் கலப்பது நல்லது. ஆனால் எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலண்டு தித்திப்பாயிருப்பதால் மாடுகளும் நாய்களும் விரும்பிக் குடித்துவிடும். அது கொடிய விஷம். வடித்த கூலண்டைக் களத்திலோ வாய்க்காலிலோ விடாமல், மூடியுள்ள டின்னில் பிடித்து, கால்நடைகள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.