நம்மை எவன் தாக்கப் போகிறான்?

புதுச்சேரியில் ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தை. ஒரு துணிக்கடை வாசலை ஆயிரம் பேர் அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வாங்குவதும் இல்லை, விலகுவதும் இல்லை. சேலை எடுக்க வந்தவர் உள்ளே நுழைய வழியில்லை. 'டிடாஸ்' எனப்படும் சேவை மறுப்புத் தாக்குதல் இதுதான். பூட்டு உடையாது, பொருள் திருட்டுப் போகாது, வியாபாரம் நின்றுவிடும்.

நம்பிக்கை: பெரிய இடங்களைத்தான் தாக்குவார்கள்.

2016 ஜூலையில் மும்பையில் தாக்குதலுக்கு உள்ளானவை இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள். அவற்றிடம் இணைப்பு வாங்கிய சாதாரண வாடிக்கையாளர்களும் சேர்ந்து தவித்தார்கள். இன்று இத்தகைய தாக்குதல் சொற்பக் காசுக்கு வாடகைக்கே கிடைக்கிறது. புத்தாண்டு முன்பதிவு நேரத்தில் இரண்டு நாள் தளம் முடங்கினால் ஒயிட் டவுன் விடுதி ஒன்றுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

நம்பிக்கை: ஃபயர்வால் இருக்கிறது, போதும்.

போதாது. மும்பையில் பாய்ந்த தரவு வெள்ளம் நொடிக்குச் சுமார் 200 கிகாபிட். உங்கள் 100 மெகாபிட் இணைப்பைப் போல 2,000 மடங்கு. ஃபயர்வாலுக்கு வருமுன்பே குழாய் அடைத்துக்கொள்ளும். வெள்ளத்தை மேலேயே வடிகட்ட வேண்டும். இணைப்பு தருபவரிடம் அந்த வசதி உண்டா என்று இன்றே கேளுங்கள். கிளவுட்ஃப்ளேர் போன்ற இணையதளக் காப்புச் சேவைகள் இலவசத் திட்டத்திலேயே ஓரளவு காப்பு தருகின்றன; ஆனால் சர்வரின் உண்மையான ஐபி முகவரி வெளியே தெரிந்தால் அந்தக் காப்பைச் சுற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். சில தாக்குதல்களுக்கு வெள்ளமே தேவைப்படுவதில்லை. 'அறை காலியா?' என்று தேடும் பக்கத்தை ஓயாமல் தட்டிக்கொண்டிருந்தாலே டேட்டாபேஸ் திணறிவிடும்.

நம்பிக்கை: நமக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஒரு கடையில் கல்லாவுக்கு மேலே, சாமி படத்தை ஒட்டி, தூசி படிந்த சிசிடிவி டிவிஆர் பெட்டி. பாஸ்வேர்டு என்னவென்று கேட்டேன். "மாட்டினவர் வச்சதுதான் சார், தொட்டதே இல்ல" என்றார் கடைக்காரர். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் இப்படிப்பட்ட கேமராக்களையும் பெட்டிகளையும்தான் லட்சக்கணக்கில் வளைத்தது. அதற்குத் தேவைப்பட்டவை 'அட்மின்' வகையறாவில் அறுபது சொச்சம் பாஸ்வேர்டுகள். அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் பலருக்குத் திறக்காமல் போனதற்கு அந்தக் கருவிகளின் படை நடத்திய தாக்குதல்தான் காரணம். தாக்கப்படுபவர் மட்டுமல்ல, தாக்கும் கருவியும் நம் கடையிலேயே இருக்கலாம். இன்று கடை சாத்துமுன் அந்தப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

தாக்குதல் வந்தால் மறைக்காதீர்கள். 2022 ஏப்ரல் உத்தரவின்படி, நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். கட்டணமில்லா எண்: 1800-11-4949.